எல்சாட் தேர்வின் எந்தெந்த விவரங்கள் சட்டக் கல்லூரிக்குத் தெரியும்? விண்ணப்பதாரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஜே.டி. எனப்படும் சட்டப் பட்டப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் எல்சாட் தேர்வைச் சுற்றி ஏராளமான அச்சங்கள் உலவுகின்றன. மூன்று முறை எழுதினால் மதிப்புக் குறைந்துவிடும் என்றும், ஒரு முறை ரத்து செய்துவிட்டால் கல்லூரி முகம் சுளிக்கும் என்றும், கூடுதல் நேரம் பெற்று எழுதியது அறிக்கையில் தெரிந்துவிடும் என்றும் சொல்லப்படுகிறது. இவற்றுள் சில ஒரு காலத்தில் உண்மையாக இருந்து இன்று காலாவதியானவை. சில எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. அதே சமயம், சேர்க்கை அதிகாரியின் கண்ணில் உறுதியாகப் படக்கூடிய விவரங்கள் சிலவற்றைப் பலரும் கவனிக்காமலே விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறார்கள். எனவே, கணக்குத் தொடங்குவது முதல் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் நாள் வரை, எந்தக் கட்டத்தில் நீங்கள் செய்யும் எந்தச் செயல் அறிக்கையில் தடமாகப் பதிகிறது, எது பதிவதில்லை என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: தகவல் யாரிடம் இருக்கிறது?

எல்சாட் தேர்வை நடத்துவது எல்சாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டக் கல்லூரிச் சேர்க்கை மன்றம். பென்சில்வேனியா மாநிலத்தின் நியூடவுனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பு, 1948 முதல் இத்தேர்வை நடத்தி வருகிறது. தேர்வை நடத்துவதோடு அதன் வேலை முடிவதில்லை. உங்கள் பட்டப்படிப்பு மதிப்பெண் சான்றுகள், பரிந்துரைக் கடிதங்கள், தேர்வு மதிப்பெண்கள் ஆகிய அனைத்தையும் சி.ஏ.எஸ். என்னும் சேவையின் வழியாகத் திரட்டி, ஒரே அறிக்கையாக்கி, நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்புவதும் அதுவே.

ஆகவே, கல்லூரிக்கு எந்த மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இல்லை. வேறு சில நுழைவுத் தேர்வுகளில் விரும்பிய மதிப்பெண்ணை மட்டும் அனுப்பலாம். எல்சாட்டில் அந்த வசதி கிடையாது. அறிக்கைக்குரிய காலத்துக்குள் நீங்கள் பெற்ற மதிப்பெண்கள் அனைத்தும் ஒரே கட்டாகப் போகும். நடப்புத் தேர்வாண்டோடு அதற்கு முந்தைய ஐந்து தேர்வாண்டுகளும் சேர்ந்ததே அந்தக் காலம்.  அதற்கும் முன் எழுதிய தேர்வின் மதிப்பெண் அறிக்கையில் வராது.

படி 1: கணக்குத் தொடங்கும்போதும் பதிவு செய்யும்போதும்

எல்சாக் தளத்தில் ஒருவருக்கு ஒரு கணக்குதான் இருக்கலாம். பழைய மதிப்பெண் பிடிக்கவில்லை என்பதற்காக வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்குத் தொடங்கினால் பழையது மறைந்துவிடும் என்று எண்ணுவது ஆபத்தான கணக்கு. இரண்டும் ஒருவருடையவை என்று தெரியவந்தால் மதிப்பெண்கள் ஒன்றாக இணைக்கப்படும். ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகக் கருதினால் முறைகேடு விசாரணைக்கும் அது வழிவகுக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போட்டுக்கொள்ளும் நம்மவர்கள் இந்த இடத்தில் சற்றுக் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் ‘குடும்பப் பெயர்’ கட்டம் காலியாகவும் எல்சாக் கணக்கில் முதலெழுத்தே குடும்பப் பெயராகவும் இருந்தால், தேர்வு நாளில் அடையாளச் சரிபார்ப்பில் சிக்கல் வரும். பெயரைத் திருத்துவதற்கென்று முறையான வழி இருக்கும்போது இன்னொரு கணக்கைத் திறக்க வேண்டாம்.

எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அறிக்கைக்குரிய காலத்துக்குள் ஐந்து முறையும், வாழ்நாள் முழுவதும் ஏழு முறையும் எழுதலாம். ரத்து செய்த தேர்வும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பயிற்சிக்காக எல்சாக்கின் லாஹப் தளத்தில் நீங்கள் எழுதும் மாதிரித் தேர்வுகள் கல்லூரிக்குத் தெரியாது. அங்கே 140 வாங்கினாலும் 175 வாங்கினாலும் அது உங்களோடு நின்றுவிடும்.

விண்ணப்பிப்பதற்கு முன்பே கல்லூரிகள் உங்கள் மதிப்பெண்ணை அறிய ஒரே ஒரு வழி உண்டு. கணக்கில் ‘வேட்பாளர் பரிந்துரைச் சேவை’ என்றொரு விருப்பத் தேர்வு இருக்கும். அதற்கு நீங்கள் ஒப்புதல் கொடுத்தால், எல்சாட் மதிப்பெண், ஜி.பி.ஏ. எனப்படும் பட்டப்படிப்பு மதிப்பெண் சராசரி, வசிக்கும் இடம் போன்றவற்றை வைத்துத் தேடும் கல்லூரிகள் உங்களைக் கண்டறிந்து, விண்ணப்பக் கட்டண விலக்கு உள்ளிட்ட அழைப்புகளை அனுப்பக்கூடும். மின்னஞ்சல் பெட்டி நிறையும் என்பதைத் தவிர இதனால் பெரிய தீங்கு இல்லை. பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க நினைப்பவருக்குக் கட்டண விலக்கு சிறிய தொகையுமன்று. ஒப்புதல் தராவிட்டால், நீங்கள் விண்ணப்பிக்கும் வரை எந்தக் கல்லூரிக்கும் எதுவும் போகாது.

கூடுதல் நேரம் பெற்றது தெரியுமா?

பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு, கவனக் குறைபாடு, நாட்பட்ட உடல்நலச் சிக்கல் போன்ற காரணங்களுக்காகக் கூடுதல் நேரமோ வேறு சலுகைகளோ கோரத் தகுதியுள்ளவர்கள் பலர், கல்லூரிக்குத் தெரிந்துவிடுமே என்ற தயக்கத்தால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நம் குடும்பங்களில் இந்தத் தயக்கம் இரட்டிப்பாக இருக்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பு அந்த அச்சத்துக்கு அடிப்படை இருந்தது. கூடுதல் நேரம் பெற்று எழுதியவரின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எல்சாக் தனிக் குறிப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்பும். வழக்கமான நேரத்தில் எழுதியவர்களோடு இதை ஒப்பிட முடியாது என்ற தொனியில் அந்தக் குறிப்பு இருக்கும். மதிப்பெண்ணைத் திறப்பதற்கு முன்பே மாற்றுத்திறன் வெளிப்பட்டுவிடும் என்பதே இதன் பொருள். கலிபோர்னியா மாநிலத்தின் நியாய வேலைவாய்ப்பு மற்றும் வீட்டுவசதித் துறை தொடர்ந்த வழக்கில் அமெரிக்க நீதித் துறையும் இணைந்துகொண்டது. 2014 மே மாதத்தில் அந்த வழக்கு சமரச ஆணையில் முடிந்தது. அதன்படி எல்சாக் 77.3 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதோடு, இவ்வாறு குறியிட்டு அனுப்பும் வழக்கத்தை நிரந்தரமாகக் கைவிடவும் இசைந்தது.

இன்று உங்கள் 165, சலுகை பெறாத ஒருவரின் 165 இருப்பதைப் போலவே அறிக்கையில் இருக்கும். என்ன சலுகை கேட்டீர்கள், எந்த மருத்துவச் சான்று கொடுத்தீர்கள், கோரிக்கை ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்ற எதுவும் கல்லூரிக்குப் போவதில்லை. நீங்களே உங்கள் கட்டுரையில் எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியும். தகுதி இருந்தால் தயங்காமல் கேளுங்கள் என்பதே என் கருத்து.

படி 2: தேர்வுக்கு முன் பின்வாங்க நினைத்தால்

தயாரிப்புப் போதவில்லை என்று தோன்றினால், காலக்கெடுவுக்குள் கணக்கில் நுழைந்து பதிவை முறைப்படி விலக்கிக்கொள்ளுங்கள். அவ்வாறு விலக்கிக்கொண்ட பதிவு கல்லூரிக்கு அனுப்பும் அறிக்கையில் இடம்பெறாது. வரம்புக் கணக்கிலும் சேராது. பணம் திரும்ப வருமா என்பது நீங்கள் எவ்வளவு முன்னதாக விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றுமே செய்யாமல் தேர்வு நாளில் போகாமல் இருந்துவிடும் பழக்கம் வேண்டாம்.

படி 3: தேர்வு முடிந்த பின் ரத்து செய்வதா, வேண்டாமா?

இங்கே இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, மதிப்பெண்ணைப் பார்க்காமலே தேர்வு முடிந்த ஆறு நாட்களுக்குள் ரத்து செய்வது. இரண்டாவது, ‘ஸ்கோர் பிரிவியூ’ என்னும் சேவைக்குத் தனிக் கட்டணம் செலுத்தி, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆறு நாட்களுக்குள் வைத்துக்கொள்வதா ரத்து செய்வதா என்று முடிவெடுப்பது. தேர்வுக்கு முன்பே வாங்கினால் இதன் கட்டணம் குறைவு; தேர்வுக்குப் பின் வாங்கினால் அதிகம். இந்தச் சேவையை வாங்கியவர் ஆறு நாட்களுக்குள் ஒன்றும் செய்யாவிட்டால், மதிப்பெண் தானாகவே பதிவில் சேர்ந்துவிடும்.

இரண்டு வழியிலும் கல்லூரிக்குத் தெரிவது ஒன்றுதான்: குறிப்பிட்ட தேதியில் தேர்வு எழுதினார், விண்ணப்பதாரரே அதை ரத்து செய்தார். ரத்து செய்த மதிப்பெண் 149ஆ 169ஆ என்பதும், காய்ச்சலா, கணினிக் கோளாறா, வெறும் பயமா என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு ரத்தைக் கண்டு புருவம் உயர்த்தும் அதிகாரி இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. மூன்று நான்கு ரத்துகள் வரிசையாக நிற்கும் அறிக்கையில்தான் கேள்வி எழும்.

பார்க்காமல் ரத்து செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. தேர்வு அறையிலிருந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் மோசமாக எழுதியதாகவே தோன்றும். கடினமாக இருந்த பகுதி சில வேளை மதிப்பெண்ணில் சேராத பரிசோதனைப் பகுதியாகக்கூட இருந்திருக்கலாம். எல்சாட்டில் மொத்தம் நான்கு பகுதிகள். அவற்றில் மூன்றுக்கு மட்டுமே மதிப்பெண். எது பரிசோதனைப் பகுதி என்று எழுதும்போது உங்களுக்குத் தெரியாது. ஆகவே சந்தேகம் இருந்தால் பிரிவியூ கட்டணத்தைச் செலுத்தி, எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

பார்த்த பிறகும், சற்றுக் குறைந்த மதிப்பெண்ணை அழிக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். காரணம் படி 5இல் வருகிறது.

படி 4: அறிக்கையை அதிகாரியின் கண்ணால் வாசியுங்கள்

கற்பனையான ஒரு விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். அவர் 2023 செப்டம்பரில் எழுதி, ரத்து செய்தார். 2024 ஜனவரியில் 158 பெற்றார். 2024 ஆகஸ்டில் 166 பெற்றார். 2025 ஜனவரித் தேர்வுக்கும் பதிவு செய்துவிட்டு, 2024 நவம்பரில் விண்ணப்பத்தை அனுப்பினார்.

அதிகாரியின் திரையில் இந்த நான்கு தேதிகளும் தெரியும். முதல் தேதிக்கு எதிரே ரத்து என்ற குறிப்பு. அடுத்த இரண்டுக்கும் 120 முதல் 180 வரையிலான அளவுகோலில் அமைந்த மதிப்பெண். அதையொட்டி ஒரு பெர்சென்டைல். முந்தைய மூன்று தேர்வாண்டுகளில் எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை அது காட்டும். அதன் பக்கத்தில் மதிப்பெண் வீச்சு ஒன்று இருக்கும். எந்தத் தேர்வும் ஒருவரின் திறனைத் துல்லியமாக அளந்துவிடாது என்பதால், பெற்ற எண்ணுக்கு மேலும் கீழும் ஏறக்குறைய மூன்று மதிப்பெண் அளவுக்கு அந்த வீச்சு அமையும். 166 வாங்கியவருக்கு அது 163 முதல் 169 வரை இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பெண் இருப்பதால் அவற்றின் சராசரியான 162ம் தெரியும். கடைசியாக, ஜனவரியில் இன்னொரு தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறார் என்பதும் தெரியும்.

அவருக்குத் தெரியாதவை எவை? தருக்கப் பகுதியில் எத்தனை சரி, வாசிப்புப் பகுதியில் எத்தனை சரி என்ற பகுதிவாரியான கணக்குக் கிடையாது. நேரம் போதாமல் கடைசி ஐந்து வினாக்களைக் குத்துமதிப்பாகக் குறித்தது தெரியாது. பரிசோதனைப் பகுதியில் எப்படிச் செய்தீர்கள் என்பதும் தெரியாது. 2024 ஆகஸ்ட் முதல் ‘லாஜிக் கேம்ஸ்’ எனப்பட்ட புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, இரண்டு தருக்கப் பகுதிகளும் ஒரு வாசிப்புப் பகுதியும் மட்டுமே மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நம் கற்பனை விண்ணப்பதாரரின் 158 பழைய வடிவத்திலும் 166 புதிய வடிவத்திலும் வாங்கியவை. தேதியைப் பார்த்தே அதிகாரி இதை ஊகித்துக்கொள்வார்.

பலரும் அறியாத இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவிலோ கனடாவிலோ பட்டம் பெற்றவரானால், எல்சாக் உங்கள் ஜி.பி.ஏ.யைத் தன் முறைப்படி புதிதாகக் கணக்கிடும். உங்கள் கல்லூரியிலிருந்து எல்சாட் எழுதியவர்களின் சராசரி மதிப்பெண் என்ன, ஜி.பி.ஏ.யில் அவர்களிடையே நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதையும் அதோடு சேர்த்துக் காட்டும். 3.9 ஜி.பி.ஏ. உங்கள் கல்லூரியில் அரிதானதா, பாதிப்பேர் வாங்கக்கூடியதா என்பதை அதிகாரி இதிலிருந்து கண்டுகொள்கிறார். இதற்கு மேல், எல்சாட்டையும் ஜி.பி.ஏ.யையும் தாங்கள் விரும்பும் விகிதத்தில் கலந்து ஒரே குறியீட்டு எண்ணாகக் கணக்கிட்டுத் தருமாறு கல்லூரிகள் எல்சாக்கிடம் கேட்டுக்கொள்ளலாம். கோப்பைப் புரட்டும் வரிசையைத் தீர்மானிக்க அந்த எண் உதவுகிறது. ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்துக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தர வேண்டாம், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருப்பவர்களை அப்படியே தள்ளிவிட வேண்டாம் என்று எல்சாக்கே கல்லூரிகளுக்கு எச்சரிக்கை விதிகளை வகுத்திருக்கிறது. அவை எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகின்றன என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும்.

படி 5: எல்லாம் தெரிந்தாலும் எது எண்ணப்படுகிறது?

‘ஒரு முறைக்கு மேல் எழுதாதே’ என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க வழக்குரைஞர் சங்கம், சேர்ந்த மாணவர்களின் எல்சாட் விவரங்களை ஆண்டுதோறும் கல்லூரிகளிடமிருந்து பெறுகிறது. பல முறை எழுதியவருக்கு மதிப்பெண்களின் சராசரியைத் தர வேண்டும் என்பதே முன்பிருந்த வழக்கம். அன்று 158ம் 166ம் வாங்கியவர் கல்லூரியின் கணக்கில் 162 ஆகத்தான் நின்றார். மோசமான முதல் முயற்சி உண்மையிலேயே சுமையாக இருந்தது. 2006இல் அந்த விதி மாறி, ஒவ்வொரு மாணவரின் அதிகபட்ச மதிப்பெண்ணைத் தெரிவிக்கும் முறை வந்தது. அதே மாணவர் இன்று 166 ஆகவே கணக்கில் வருகிறார்.

ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ‘509 அறிக்கை’ எனப்படும் தகவல் வெளியீட்டை ஆண்டுதோறும் டிசம்பரில் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களின் எல்சாட் மதிப்பெண்ணில் 25ஆம், 50ஆம், 75ஆம் பெர்சென்டைல் எண்கள் அதில் இருக்கும். நடுவிலுள்ள 50ஆம் பெர்சென்டைல், அதாவது இடைநிலை எண், தரவரிசைப் பட்டியல்களுக்கும் பயன்படுவதால் கல்லூரிகள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கின்றன. 2022 நவம்பரில் யேல், ஹார்வர்டு உள்ளிட்ட கல்லூரிகள் தரவரிசைக்குத் தகவல் தருவதை நிறுத்திக்கொண்டன. பட்டியல் தயாரிப்பவர்களும் அதன் பிறகு எல்சாட்டுக்கான எடையைக் குறைத்தார்கள். ஆனாலும் இடைநிலை எண்ணின் மீதான பிடிப்புத் தளர்ந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வேலை எளிது. நீங்கள் விரும்பும் கல்லூரியின் 509 அறிக்கையைத் திறந்து, உங்கள் அதிகபட்ச மதிப்பெண் அந்த இடைநிலை எண்ணுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்து, பயிற்சித் தேர்வுகளில் தொடர்ந்து அதைவிட அதிகம் வாங்குகிறீர்கள் என்றால் மீண்டும் எழுதுவதில் தவறே இல்லை. ஏற்கெனவே மேலே இருந்தால், ஐந்தாவது முறை எழுதி ஒரு மதிப்பெண் கூட்டுவதற்குச் செலவிடும் மூன்று மாதங்களை விண்ணப்பக் கட்டுரைக்குக் கொடுக்கலாம்.

படி 3இல் நிறுத்தி வைத்த கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. முதல் முயற்சியில் 160, எதிர்பார்த்தது 165 என்றால், 160ஐ ரத்து செய்ய வேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை 165 வந்தால் அதுதான் எண்ணப்படும். வராவிட்டால் 160ஆவது கையில் இருக்கும். முந்தைய மதிப்பெண்ணைவிட மிகவும் கீழே இறங்கிவிட்டால் மட்டுமே ரத்து செய்வதற்குப் பொருள் உண்டு.

படி 6: மதிப்பெண் இல்லாத கட்டுரை

எல்சாட்டோடு சேர்ந்த கட்டுரைப் பகுதியைத் தனியாக, கண்காணிப்பு மென்பொருளின் துணையோடு, உங்கள் கணினியிலேயே எழுத வேண்டும். 2024 முதல் அதன் வடிவம் மாறி, ஒரு பொருளைப் பற்றிய பல கோணங்களைப் படித்துவிட்டு உங்கள் நிலைப்பாட்டை வாதிடும் பயிற்சியாக அமைந்திருக்கிறது. சிந்தித்துக் குறிப்பெடுக்க 15 நிமிடம், எழுத 35 நிமிடம். புதிய வடிவமும் மதிப்பெண் இல்லாமலே அறிமுகமானது என்பதால், பலர் கடமைக்கு எதையோ எழுதி முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் எழுதியது அப்படியே, ஒரு சொல் மாறாமல், கல்லூரிக்குப் போகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதியிருந்தால் அண்மைய மூன்று கட்டுரைகள் வரை போகும். முதன்முறை எழுதுபவர் கட்டுரையை முடித்து அது ஏற்கப்படும் வரை மதிப்பெண்ணே வெளிவராது. மதிப்பெண் தாமதமானதற்குக் கட்டுரையை எழுதாமல் விட்டதே காரணம் என்று கடைசி நேரத்தில் கண்டுபிடிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

எல்லா அதிகாரிகளும் இதை வாசிக்கிறார்களா? முதல் சுற்றில் பெரும்பாலும் வாசிப்பதில்லை என்றே கருதலாம். ஐயம் எழும்போது வாசிக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒருவரின் தன்விவரக் கட்டுரை எழுத்தாளர் தரத்தில் மின்னி, இந்தக் கட்டுரை மட்டும் தடுமாறினால், முன்னதை எழுதியது யார் என்ற கேள்வி வரும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோர் கையிலும் இருக்கும் இக்காலத்தில், மேற்பார்வையில் எழுதிய ஒரே கட்டுரை என்ற வகையில் இதன் மதிப்புக் கூடத்தான் செய்யும். தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிப்பவர்கள் குறைந்தது மூன்று நான்கு மாதிரித் தலைப்புகளிலாவது நேரம் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும்.

படி 7: விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது?

வருங்காலத் தேர்வுப் பதிவு அறிக்கையில் தெரியும் என்று பார்த்தோம். இதன் விளைவு நடைமுறையில் பெரியது. ஜனவரித் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டு நவம்பரில் விண்ணப்பித்தால், சில கல்லூரிகள் ஜனவரி மதிப்பெண் வரும் வரை உங்கள் கோப்பைத் தொடாமல் ஒதுக்கி வைக்கும். வேறு சில, இருக்கும் மதிப்பெண்ணை வைத்தே முடிவெடுத்துவிடும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பங்கள் வரவர இடங்களை நிரப்பிக்கொண்டே போவதால், கோப்பு இரண்டு மாதம் தூங்குவது சாதாரண இழப்பன்று. விண்ணப்பப் படிவத்திலேயே ‘அடுத்த மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டுமா’ என்று கேட்டிருந்தால் தெளிவாக விடையளியுங்கள். கேட்காவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுதும் எண்ணமே இல்லாத தேர்வுப் பதிவு கணக்கில் கிடந்தால், விண்ணப்பிக்கும் முன் அதை விலக்கிவிடுங்கள்.

படிவத்தில் ‘எழுதிய எல்சாட் தேதிகளைக் குறிப்பிடுக’ என்று கேட்டால், ரத்து செய்தவை உட்பட அனைத்தையும் எழுத வேண்டும். அவர்களிடம் அறிக்கை இருக்கிறது. ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை. முரண்பாடு பெரிதாக இருந்தால் எல்சாக்கின் முறைகேடு விசாரணைக் குழு வரை போகும். அங்கே தவறு என்று முடிவானால், அந்த முடிவும் உங்கள் கோப்போடு கல்லூரிகளுக்குச் செல்லும். பிற்காலத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்யும்போது நடக்கும் நன்னடத்தை ஆய்விலும் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைத் தோண்டி எடுப்பார்கள்.

விளக்கக் குறிப்பு எழுத வேண்டுமா?

இரண்டு மூன்று மதிப்பெண் ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம் எழுதி அதிகாரியின் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது மதிப்பெண் வீச்சுக்குள் அடங்கும் விஷயம். நம் உதாரணத்தில் வருவதுபோல் எட்டு மதிப்பெண் உயர்ந்திருந்தால், அல்லது மூன்று ரத்துகள் இருந்தால், நான்கைந்து வாக்கியங்களில் எழுதலாம். ‘2024 ஜனவரித் தேர்வை முழுநேர வேலையில் இருந்தபடி எழுதினேன், பிப்ரவரி முதல் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு தயாரித்தேன், ஆகஸ்ட் மதிப்பெண்ணே என் திறனைச் சரியாகக் காட்டுகிறது’ என்ற அளவில் நின்றால் போதும். தேர்வு முறையைக் குறை கூறுவதும், எனக்குத் தேர்வென்றாலே பதற்றம் என்று புலம்புவதும் எதிர்விளைவையே தரும். சட்டக் கல்லூரியில் பருவ இறுதித் தேர்வுகள்தான் பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஜி.ஆர்.இ. கொடுத்து எல்சாட்டை மறைக்கலாமா?

முடியாது. 2016இல் அரிசோனா பல்கலைக்கழகமும் 2017இல் ஹார்வர்டும் முதுநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை ஏற்கத் தொடங்கியபின், இன்று பல கல்லூரிகள் அதை ஏற்கின்றன. ஜி.ஆர்.இ.யில் எந்த முயற்சியை அனுப்புவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்; சில சட்டக் கல்லூரிகள் மட்டும் ஐந்தாண்டுக்குள் எழுதிய அனைத்தையும் கேட்கும். ஆனால் அறிக்கைக்குரிய எல்சாட் மதிப்பெண் ஒன்று உங்களுக்கு இருந்தால், அது எல்சாக் வழியாக எப்படியும் போய்ச் சேரும். எல்சாட்டையே எழுதாதவருக்குத்தான் ஜி.ஆர்.இ. மாற்று வழி.

இந்திய, இலங்கைப் பட்டதாரிகளும் கனடாத் தமிழரும் கவனிக்க வேண்டியவை

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டம் பெற்றவரின் மதிப்பெண் சான்றுகளை எல்சாக் 4.0 அளவுகோலுக்கு மாற்றுவதில்லை. அவை தனியாக மதிப்பீடு செய்யப்பட்டு, ‘மிகச் சிறப்பு’, ‘சராசரிக்கு மேல்’ என்பன போன்ற தரநிலைச் சொல்லோடு கல்லூரிக்குப் போகும். எண்ணாக ஜி.பி.ஏ. இல்லாததால் கல்லூரியின் ஜி.பி.ஏ. இடைநிலைக் கணக்கில் நீங்கள் வருவதில்லை. எல்சாட் இடைநிலைக் கணக்கில் வருகிறீர்கள். ஆகவே, ஒப்பிடத்தக்க ஒரே எண்ணாக எல்சாட் நிற்கிறது. உள்ளூர் மாணவரைவிட உங்களுக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் கூடுதல் எடை கொண்டது என்றே கொள்ளுங்கள். இந்தியக் கல்லூரிகளுக்காக முன்பு நடந்த ‘எல்சாட் இந்தியா’ வேறொரு தேர்வு. அதன் மதிப்பெண் ஜே.டி. விண்ணப்பத்துக்குப் பயன்படாது. இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு எல்எல்.எம். என்னும் முதுநிலைச் சட்டப் படிப்புக்கு மட்டும் போகிறவர்கள் பொதுவாக எல்சாட் எழுதத் தேவையில்லை.

கனடாவில் நிலைமை சற்று வேறு. ஒண்டாரியோவில் விண்ணப்பங்கள் ஓல்சாஸ் என்ற பொது மையத்தின் வழியே போகின்றன. எல்சாட் மதிப்பெண்களை அந்த மையமே எல்சாக்கிடமிருந்து பெற்றுக்கொள்ளும். அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் விதி அங்கே செல்லாது என்பதால், அதிகபட்சத்தை எடுப்பதா, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. டொராண்டோவில் இருந்துகொண்டு அமெரிக்க நண்பரின் அறிவுரைப்படி நான்காவது முறை எழுதக் கிளம்பும் முன், குறிப்பிட்ட கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தை வாசியுங்கள்.

படி 8: அனுப்பிய பிறகு

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பின்னும் அறிக்கை உயிரோடு இருக்கிறது. நீங்கள் மீண்டும் எழுதினால், புதிய மதிப்பெண் வெளியானதும் நீங்கள் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிகளுக்கும் திருத்திய அறிக்கை தானாகவே போகும். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கும், இடம் கிடைத்தபின் கூடுதல் உதவித்தொகை கேட்க நினைப்பவருக்கும் இது நல்ல வாய்ப்பு: ஏப்ரலிலோ ஜூனிலோ எழுதிய தேர்வு 166ஐ 170 ஆக்கினால், கல்லூரியின் இடைநிலைக் கணக்கில் உங்கள் இடமே மாறிவிடும். குறைந்தால் அதுவும் தெரியும். அந்தச் சமயத்தில் பிரிவியூ கட்டணம் செலவழிக்கத் தக்கது. உயர்ந்த மதிப்பெண் வெளியான அன்றே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். திருத்திய அறிக்கை வந்திருப்பதைக் கணினி காட்டும். ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே உங்களுடையதை யாரேனும் ஒருவர் மீண்டும் திறக்க வேண்டும்.